யானை தும்பிக்கையில் சாக்ஸ் மாட்டினால் உங்கள் குழந்தை சிரிக்கிறதா?

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கமிருந்து என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "மேடம், வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ். அதனாலதான் இவன் பேசலையா? தமிழை நிறுத்திடட்டுமா?" நிறுத்த வேண்டாம். பல மொழிகள் காதில் விழுவதால் பேச்சு தாமதமாவதில்லை. அதைச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து வேடிக்கையான விலங்குப் படங்களை எடுப்பேன்.

அதில் ஒன்று: தும்பிக்கையில் சிவப்புச் சாக்ஸை மாட்டிக்கொண்டு யானை ஒன்று ஏக பெருமையாக நிற்கும். நான்கு கால்களும் வெறுங்கால். படத்தை நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் குழந்தையின் முகத்தைப் பார்ப்பேன். சிரித்தால், யானையும் தெரியும், தும்பிக்கையும் தெரியும், சாக்ஸ் காலுக்குரியது என்பதும் தெரியும் என்று எனக்குப் புரிந்துவிடும். சரி எது என்று தெரிந்தால்தானே தப்பு கண்ணில் படும்? அதற்கடுத்த நொடி இன்னும் முக்கியம். சிரித்த குழந்தை சட்டென்று திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறதா, 'நீயும் பாரேன்' என்பதுபோல? சிரிப்பைவிட அந்தத் திரும்பலைத்தான் நான் தேடுவேன். பேச்சுக்கு அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

இரண்டரை வயதுப் பையன் ஒருவன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். அம்மா படத்தைத் தொட்டு, "எலிஃபன்ட், சே எலிஃபன்ட்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பையன் நெளிந்தான். கூட வந்த பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "அடியாத்தி! மூக்குக்குப் போயி சாக்ஸ் போட்டிருக்கு பாருடா! தும்மினா என்னாகும்? தொப்புனு போய் விழும்!" என்று சேலை முந்தானையை மூக்கில் சுற்றிக் காட்டினார். பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "தொப்பு!" என்றான். பாட்டி பரீட்சை வைக்கவில்லை, விளையாடினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த வயதுக்கு எது சிரிப்பு என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. அமெரிக்க உளவியலாளர் பால் மெக்கீ இதைப் படிப்படியாக வகுத்துக் காட்டியிருக்கிறார். ஒன்றரை வயது வாக்கில் பொருளைத் தப்பாகப் பயன்படுத்தினால் சிரிப்பு: கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்தால் போதும். இரண்டு வயதைத் தாண்டினால் தப்பாகப் பெயர் சொல்வது வேடிக்கை: பூனையைக் காட்டி "மாடு" என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூன்று வயதுக்கு மேல் மரக்கிளையில் கூடு கட்டும் எருமை, 'லொள் லொள்' என்று குரைக்கும் கோழி. சிலேடையும் விடுகதையும் ருசிக்க ஆறேழு வயதாகும். மூன்று வயதுக் குழந்தைக்குச் சிலேடைப் புத்தகம் வாங்கிவிட்டு "இவளுக்குக் கதையே பிடிக்கல" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. பிள்ளை மேல் குற்றமில்லை.

புத்தகம் வாங்கும்போது பக்கத்துக்குப் பக்கம் காடே திரண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வேண்டாம். விரித்த பக்கத்தில் ஒரே படம் இருந்தபோது சின்னக் குழந்தைகள் புதுச் சொற்களை நன்றாகக் கற்றார்கள், இரண்டு படம் இருந்தபோது தடுமாறினார்கள் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் சொன்னது. எந்தப் படத்தைப் பற்றிப் படிக்கிறோம் என்று கையால் காட்டினால் அந்தத் தடுமாற்றமும் தீர்ந்ததாம். அதே பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள் வெவ்வேறு கதை கேட்டவர்களைவிட அதிகச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். எனவே "இதே குரங்குக் கதையைத்தான் தினமும் கேக்கறா" என்பது புகாரே இல்லை.

நீதி? விலங்குக் கதை என்றாலே கடைசியில் "இதுலேர்ந்து என்ன தெரியுது?" என்று கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றி ஒரு கதை படித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள் தங்கள் ஸ்டிக்கர்களை அதிகமாகக் கொடுத்தார்கள். அதே கதையில் சட்டை போட்ட விலங்குகள் வந்தபோது அந்தப் பலன் இல்லை. ஒழுக்கம் சொல்லித்தர வேறு வழி பாருங்கள். கரடியை நிம்மதியாக வழுக்கி விழ விடுங்கள்.

தமிழ்ப் புத்தகம் பெங்களூரில் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: இந்த ஊரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். இறக்கி அச்செடுத்தும் கொள்ளலாம். அச்செடுப்பதே நல்லது. போனில் காட்டினால் விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் இருக்கிறது. எதுவும் கைக்கு வராவிட்டால், பழைய காலண்டரில் மாட்டுப் படத்துக்கு ஒரு கண்ணாடி வரைந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 16 மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை, 18 மாதமாகியும் படத்தை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, 2 வயதாகியும் "பால் குடு" போல இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை என்றால் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம். படத்தைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தை, முகத்தை மறைத்துக்கொண்டு நீங்கள் 'தொப்', 'லபக்' என்று சொன்னால் அசையவில்லையென்றால் முதலில் காது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, கேட்பது மங்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். அவர் சொன்னால், சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளக்கும் பெரா (BERA) டெஸ்ட்டும் எடுக்கலாம். அதில் குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை, தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். அந்த ரிப்போர்ட்டோடு பேச்சுப் பயிற்சியாளரிடம் வாருங்கள்.