கீழே சிக்கியவரிடமும் ஓர் ஆயுதம் உண்டு: லெக் லாக் எப்படி வேலை செய்கிறது?

எதிராளி முதுகில் ஏறிவிட்டால், கிராப்ளிங்கில், அதாவது பிடித்துப் பூட்டி மோதும் மல்யுத்த வகைகளில், அதைவிட மோசமான நிலை கிடையாது. கால்கள் இரண்டும் உங்கள் இடுப்பைச் சுற்றியிருக்கும், கை கழுத்தைத் தேடும். பிரேசிலியன் ஜியு ஜிட்சு போட்டிகளில் இதற்கு 4 புள்ளிகள் தருகிறார்கள். ஆனால் பிடி இறுகட்டும் என்று அவர் உங்கள் வயிற்றுக்கு முன்னால் கணுக்கால்களைப் பின்னிக்கொண்டால், லெக் லாக் போட, அதாவது கால் மூட்டை நெம்பித் தாக்க, உங்களுக்கு வாய்ப்பு வந்துவிடுகிறது.

பின்னிய கணுக்கால்களில் மேலே இருப்பதன் மீது உங்கள் காலைப் போடுங்கள். அந்தப் பாதத்தை உங்கள் மறுகாலின் முழங்கால் மடிப்பில் செருகிப் பூட்டுங்கள். அப்புறம் இடுப்பை முன்னால் தள்ளினால் போதும். கீழே இருக்கும் அவருடைய இன்னொரு காலே ஆதாரப்புள்ளியாகி, மேல் கணுக்கால் அதன்மேல் நெம்பப்படும். உடலின் மிகப் பெரிய தசை பிட்டத்தில் இருக்கிறது. அது மொத்தமாக ஒரு சிறிய மூட்டின் மேல் வேலை செய்கிறது. இவ்வளவுக்கும் உங்கள் கைகள் தேவையில்லை. அவை கழுத்தைக் காத்தபடியே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

கீழே இருப்பவருக்கு இப்படிக் கால்கள் கிடைப்பது தற்செயல் அல்ல. முதுகையோ இடுப்பையோ கட்டுப்படுத்த எதிராளி தன் கால்களை உங்கள் கால்களுக்கு அருகில் கொண்டுவந்தே ஆக வேண்டும். கவனமோ கழுத்திலும் கையிலும் இருக்கும். லெக் லாக் தவறினால் நல்ல நிலை பறிபோகும் என்பது பழைய ஆட்சேபம். மேலே இருப்பவருக்கு அது நியாயம்தான். கீழே கிடப்பவருக்கு இழக்க நல்ல நிலையே இல்லையே! கிராப்ளிங் வீரர் டீன் லிஸ்டர், மனித உடலில் பாதியை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்டதுதான் பயிற்சியாளர் ஜான் டானஹரை இந்தப் பக்கம் திருப்பியது. டானஹரின் மாணவர்கள் அதை முறையான பாடமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் பாடத்தின் உச்சம் ஹீல் ஹூக், அதாவது குதிகாலைப் பிடித்துத் திருகும் பூட்டு. எதிராளியின் கால்விரல்கள் உங்கள் அக்குளில், குதிகால் உங்கள் முழங்கை மடிப்பில். திருகுவது குதிகாலை; அடி விழுவது முழங்காலில். நீட்டிய முழங்கால் பக்கவாட்டில் அதிகம் சுழலாது. மடங்கினால் கொஞ்சம் சுழலும், அந்த எல்லை தாண்டும்போது மூட்டைப் பிணைக்கும் தசைநார்கள் கிழிகின்றன. கிரிக்கெட், கால்பந்துச் செய்திகளில் அடிக்கடி வரும் ஏசிஎல் அவற்றில் ஒன்று.

ஆனால் திருகினால் மட்டும் போதாது. ஈரத் துணியைப் பிழிய இரண்டு முனையையும் பிடிக்க வேண்டும் அல்லவா? அதேபோல் அவருடைய தொடையை உங்கள் கால்களால் கவ்விப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகும் திசையிலேயே அவர் உருண்டுவிடுவார், முழங்காலில் பாரமே ஏறாது. என் கணிப்பில், லெக் லாக்கில் முக்கால்வாசி வேலை கால்களுக்குத்தான். கைகள் கடைசியில் வந்து முடித்துவைக்கின்றன.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கையை மடக்கும் பூட்டுகளில் வலி முன்கூட்டியே எச்சரிக்கும். ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்குள் கிழிசல் தொடங்கியிருக்கலாம். பிரேசிலியன் ஜியு ஜிட்சு போட்டிகளை நடத்தும் ஐபிஜேஜேஎஃப் அமைப்பு 2021-இல்தான் இதற்கு அனுமதி தந்தது. அதுவும் கி என்னும் தடித்த சீருடை அணியாத போட்டிகளில், வயது வந்த பிரவுன், பிளாக் பெல்ட் தரத்தினருக்கு மட்டும். பயிற்சியில் குதிகால் பிடிபட்டு, தொடையும் அசையாமல் நின்றுவிட்டால் உடனே டேப் அடித்துவிடுங்கள் (கையால் தட்டி ஒப்புக்கொள்ளுங்கள்), வலிக்காகக் காத்திருக்காதீர்கள். பிடித்தவரும் மெதுவாகவே திருக வேண்டும்.