மயிர்க்கால் அழற்சியைத் ‘தொற்று’ என்று எழுதாதீர்கள்

என் அக்கா மகனுக்குத் தொடையில் சிவப்புச் சிவப்பாகச் சிறு பருக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மயிர், சிலவற்றின் முனையில் துளி சீழ். ஒரு மருத்துவமனையில் கொடுத்த பிரசுரத்தில் ‘முடிவேர்த் தொற்று’ என்று போட்டிருந்தது. தொற்று என்று படித்ததுமே அக்கா அவனுடைய துண்டையும் சோப்பையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஆன்டிபயாடிக் களிம்பை வாங்கி மூன்று வாரம் தடவினார்கள். குறையவில்லை. அப்புறம் ஒரு தோல் மருத்துவர் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை. இறுக்கமான ஜீன்ஸ், வியர்வை, நாள் முழுக்க பைக் சீட்டில் உரசல், இவைதான் காரணம். தளர்வான பருத்தி உடைக்கு மாறினான், அடங்கிவிட்டது.

ஆங்கில மருத்துவம் இதை ஃபாலிகுலைட்டிஸ் என்கிறது. லத்தீனில் ‘ஃபாலிஸ்’ என்றால் தோல் பை, துருத்தி. ‘ஃபாலிகுலஸ்’ அதன் சிறு வடிவம், சிறு பை. ‘ஐட்டிஸ்’ கிரேக்க ஈறு. இன்றைய மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும். ஆக, மயிர் முளைத்து வரும் அந்தச் சிறு பையில் அழற்சி. தமிழில் மயிர்க்கால் அழற்சி. சொல் விளக்கம் என்று பார்த்தால் இதோடு முடிந்தது.

ஆனால் பிரசுரங்களிலும் செய்தித்தாள் நலப் பக்கங்களிலும் வருவது வேறு. முதல் குற்றவாளி ‘தொற்று’. இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான், மறுக்கவில்லை. அப்படி வந்திருந்தால் துண்டைப் பிரித்து வைப்பதும் சரிதான். ஆனால் எல்லாம் அதுவல்ல. மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை நம் எல்லோர் தோலிலும் சும்மா குடியிருப்பது. அது பெருகினால் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிக்கும் பருக்கள் வரும். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடத்தான் செய்யும். கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து வேண்டும். உரசலாலும் பிசுக்கான எண்ணெயாலும் ஸ்டீராய்டு மருந்தாலும் கிருமியே இல்லாமல் வருவதும் உண்டு. ‘தொற்று’ என்று நோய்க்குப் பெயர் வைப்பது, மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய முடிவை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவது. கடையில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபை வாங்கித் தேய்க்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிற ஊரில் இது சின்னப் பிழை இல்லை.

இரண்டாவது, ‘வீக்கம்’. அழற்சி என்று வரும் இடமெல்லாம் வீக்கம் என்று எழுதும் பழக்கம் எப்போது தொடங்கியதோ! மருத்துவ நூல் எழுதிய ரோமானியரான செல்சஸ் 1ஆம் நூற்றாண்டிலேயே அழற்சிக்கு நான்கு அடையாளம் சொன்னார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. வீக்கம் நான்கில் ஒன்று. கால் வீங்குகிறது, அதற்கு அழற்சியே இல்லாமல் இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அழற்சியைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரில் இருப்பது தீ. நம் அழற்சியில் இருப்பதும் அழல், தீதான். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது அதைக் கீழே போட்டுவிட்டு வீக்கத்தைத் தூக்குவானேன்?

என்னை அதிகம் உறுத்துவது ‘நுண்ணறை’. ‘மயிர் நுண்ணறை அழற்சி’, கொஞ்சம் நாகரிகமாக ‘முடி நுண்ணறை அழற்சி’. தூய தமிழ்தானே, என்ன குறை என்பார்கள். நுண்ணறை என்றதும் பள்ளியில் படித்தவர்களுக்கு நுரையீரலின் காற்று நுண்ணறைதான் நினைவுக்கு வரும். ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கும் சொல்லை இழுத்து வந்து, எந்த நுண்ணறை என்று சொல்ல முன்னால் ‘முடி’யை ஒட்டவைத்து, மூன்று சொல்லில் சொல்வதை மயிர்க்கால் அழற்சி இரண்டு சொல்லில் சொல்லிவிடுகிறது. லத்தீன்காரர் பையைப் பார்த்தார் என்பதற்காக நாமும் பையோ அறையோ தேட வேண்டியதில்லை. நாம் காலைப் பார்த்தோம். கால் என்றால் அடி. வாய்க்கால் என்பதில் வழி. மயிரின் அடியும் அது வெளிவரும் வழியும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. ‘மயிர்க்கால்கள் சிலிர்த்தன’ என்று இன்றும் எழுதுகிறோம். யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. ‘மயிர்ப்புடைப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. புடைப்பு மேலே மேடிட்டு நிற்பது. மயிர்க்காலோ தோலுக்குள் இறங்கும் குழி. ஷாம்பு விளம்பரத்தின் ‘வேர்’ இன்னும் மோசம். வேரில் நோய் என்றால் வழுக்கைதான் என்று ஆட்கள் பயந்துபோகிறார்கள். மேலோட்டமாக வருவது பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும்; ஆழமாகப் போனால்தான் தழும்பும் மயிர் இழப்பும்.

இத்தனை சுற்றுக்கும் அடியில் இருப்பது மயிர் என்று எழுதக் கூச்சம். தெருச் சண்டையில் வசவாகிப்போனதால் படித்தவர்கள் அதைத் தொடுவதில்லை. திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்தில் இரண்டு குறளில் மயிர் வருகிறது. பேச்சிலும் மயிரிழையில் தப்பினான் என்று தயங்காமல் சொல்கிறோம். நோயாளிக்கு எழுதும்போது மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்?

நல்ல சொல்லுக்கு இன்னொரு சோதனை, அதிலிருந்து மற்றச் சொற்கள் கிளைக்கிறதா என்பது. பூஞ்சை மயிர்க்கால் அழற்சி, ஆழ் மயிர்க்கால் அழற்சி என்று எளிதாக வருகிறது. சவரத்துக்குப் பின் சுருள் மயிர் வளைந்து தோலுக்குள்ளேயே குத்தித் தாடையில் வரும் பருக்களைப் போலி மயிர்க்கால் அழற்சி எனலாம். பிரசுரத்தின் வழியில் போனால் ‘போலித் தொற்று’ என்று எழுத வேண்டிவரும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறை பாட்டிகளிடம் கேட்டிருக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுப்பதை இன்றைய தோல் மருத்துவரும் சொல்கிறார், பாட்டியும் சொல்வார். இருவருக்கும் சொல் ஒன்றுதான், ஒத்தடம். பிரசுரத்திலோ அது ‘வெதுவெதுப்பான அமுக்கம்’. ஒரு மயிர்க்கால் ஆழமாகச் சீழ் பிடித்தால் கட்டி. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் சேர்ந்து பல வாய் வைத்தால் அதற்கு ராஜபிளவை என்று பெயர். பிடரியில் ராஜபிளவை என்றால் முதலில் சர்க்கரை இருக்கிறதா பார் என்று ஊரில் வயதானவர்களே சொல்வார்கள். பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் அதைக் ‘கார்பங்கிள் கட்டி’ என்று போட்டிருக்கிறார்கள்.