உடம்பின் ஞாபகத்தை அழிக்கும் தட்டம்மை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீர்க்கொப்புளம் போட்டு அரிக்குமே, அந்தச் சின்னம்மையைப் பற்றி நான் பேசவில்லை. தட்டம்மை. சில ஊர்களில் மணல்வாரி, இலங்கையில் சின்னமுத்து. காய்ச்சலோடு உடம்பு முழுக்கச் செம்மணலைத் தூவினது போல வருமே, அது. "எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தடவை வந்து போறதுதானே, வந்துட்டா எதிர்ப்பு சக்தி கூடும்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அதைவிடத் தலைகீழான பேச்சு கிடையாது, ஏனென்றால் இந்தக் கிருமிக்குச் சாப்பாடே நம் எதிர்ப்பு சக்திதான்.

தட்டம்மை வந்த ஒருவர் ஓர் அறையில் இருமிவிட்டுக் கிளம்பிப் போனாலும் அந்தக் காற்றில் வைரஸ் 2 மணி நேரம் வரை தங்கியிருக்கும். டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு நீங்கள் உட்காரும்போது அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார், முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஆனால் தொற்றிவிடும். எதிர்ப்பு இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு வரும். யாருக்குமே எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார்.

சரி, உள்ளே போய் என்ன செய்கிறது? சாதாரண ஜலதோஷக் கிருமிகள் மூக்கு, தொண்டையின் உள்தோல் செல்களைப் பிடிக்கும். தட்டம்மை வைரஸ் நேராகக் காவல்காரர்களிடமே போகிறது. நுரையீரலில் ரோந்து சுற்றும் மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல் போன்ற காவல் செல்களின் மேல் சிடி150 என்று ஒரு புரதம் உண்டு. வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் நுழைகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-ல் காட்டினார்கள். இந்தக் காவல் செல்களின் வேலையே, சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் பிடித்துக்கொண்டு போய் நிணநீர்க் கணுக்களில் காட்டுவது. நெறி கட்டுகிறது என்கிறோமே, கழுத்திலும் அக்குளிலும், அந்த இடங்கள்தான். ஆக, போலீஸ் ஜீப்பிலேயே ஏறி ஸ்டேஷனுக்குள் போய் இறங்குகிறான் திருடன். அங்கே டி செல், பி செல் என்கிற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, அவற்றிலும் பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்களின் மேல் சிடி150 நிறையவே இருக்கிறது. பத்து நாள் வரைக்கும் வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது, பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும், உள்ளே கணுக்களும் மண்ணீரலும் வைரஸ் தொழிற்சாலையாக மாறியிருக்கும்.

பெருகியாயிற்று, அடுத்த ஆளுக்குப் போக வேண்டுமே. மூச்சுக்குழாயின் உள்தோல் செல்களில் நெக்டின்-4 என்று இன்னொரு புரதம் இருக்கிறது, அது காற்றுப் பக்கம் இல்லாமல் ரத்தப் பக்கமாக அமைந்திருக்கிறது. ரத்தத்தில் வரும் தொற்றிய வெள்ளணுக்கள் அந்தப் பின்வாசல் வழியாக வைரஸை ஒப்படைக்க, அது காற்றுப் பக்கமாக வெளியேறும். அப்போதுதான் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது எல்லாம் வரும். கன்னத்தின் உள்பக்கம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உப்புக்கல் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் தட்டம்மைதான் என்று டாக்டர் ஊகித்துவிடுவார். அதற்கப்புறம்தான் தடிப்பு, காதுக்குப் பின்னால் தலைமயிர் ஓரத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும்.

அந்தத் தடிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் நம் டி செல்கள்தான். தோலில் தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும்போது வருகிற சிவப்பு அது. எதிர்ப்பு சக்தி ரொம்பவே குறைந்த குழந்தைகளுக்குத் தடிப்பே வராமல் நுரையீரல் மட்டும் கெட்டுப்போகலாம், அது இன்னும் மோசம். "நல்லா இறங்கிடுச்சு, இனி பயமில்லை" என்று பாட்டிமார் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்திருக்கிறது.

வாசலில் வேப்பிலை செருகி, வெளியாளை வர விடாமல், மூன்று தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளையைத் தனியாக வைத்திருக்கிற வழக்கத்தையும் நான் கேலி செய்ய மாட்டேன். தனிமைப்படுத்தல் நல்ல காரியம். தொல்லை என்னவென்றால் தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும், வந்து 4 நாள் வரை தொற்றும். வேப்பிலை கட்டும்போது பாதி வகுப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். 1908-ல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே ஒன்றைக் கவனித்தார். காசநோய்க் கிருமி உடம்பில் பட்டிருக்கிறதா என்று தோலில் போட்டுப் பார்க்கும் சோதனையில் தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, தட்டம்மை வந்த நாட்களில் அந்தத் தடிப்பு வரவில்லை. உடம்பு காசநோயையே மறந்துவிட்டது போல. ஏன் என்று முழுசாகப் புரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நெதர்லாந்தில் மத நம்பிக்கையால் தடுப்பூசி போடாத சமூகம் ஒன்றில் 2013-ல் தட்டம்மை பரவியது, அந்தப் பிள்ளைகளில் 77 பேரின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2019-ல் வெளியானது. வேறு வேறு கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடி (கிருமியை அடையாளம் கண்டு மடக்கும் புரதம்) வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு சளியும் ஒவ்வொரு வயிற்றுப்போக்கும் கற்றுக்கொடுத்த பாடம் அது, அழித்த சிலேட்டு மாதிரி ஆகிவிட்டது. திரும்பவும் அந்தந்தக் கிருமியைச் சந்தித்துத்தான் கற்க வேண்டும். அம்மை போன பிறகும் பிள்ளை தேறாமல் நிமோனியா, காது சீழ், பேதி என்று மாறி மாறிப் படுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் பாதிப்பு இரண்டு மூன்று வருஷம் வரை நீளலாம் என்று பழைய இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் 2015-லேயே சொல்லியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் மறக்கிற உடம்பு தட்டம்மையை மட்டும் மறப்பதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1846-ல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது, ஏறக்குறைய 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அங்கே அனுப்பப்பட்ட இளம் டானிஷ் மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். அதற்கு முன் தட்டம்மை அங்கே வந்தது 1781-ல், அப்போது வந்து பிழைத்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்கும் 65 வருஷம் கழித்தும் திரும்ப வரவில்லை. "வந்தால் எதிர்ப்பு வரும்" என்ற பேச்சில் உண்மையான பாகம் இவ்வளவுதான். ஒரு பாடத்தை நிரந்தரமாகக் கற்றுக்கொள்ள மற்ற நோட்டுப் புத்தகங்களை எரிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பாடத்தை எரிக்காமல் கற்றுத் தருவதுதான் தடுப்பூசி. அதில் இருப்பதும் உயிருள்ள தட்டம்மை வைரஸ்தான், ஆனால் ஆய்வகத்தில் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனமாக்கியது. அதே 2019 ஆய்வில், தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு இந்த மறதி காணப்படவில்லை.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியை எப்படி ஏற்றுவது என்று கேட்பீர்கள். பொடி, லேகியம், "இம்யூனிட்டி பூஸ்டர்" டப்பா எதுவும் இந்த வைரஸைத் தடுக்காது, என் அபிப்பிராயத்தில் அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம். நோய் வந்த பிள்ளைக்கு உண்மையிலேயே உதவுகிற சத்து ஒன்று உண்டு, விட்டமின் ஏ. கண், குடல், மூச்சுக்குழாய் இவற்றின் உள்தோல் பழுதுபார்க்கப்பட அது வேண்டும், தட்டம்மை அதன் கையிருப்பைச் சட்டென்று கரைத்துவிடும். ஏற்கெனவே சத்துக் குறைந்த குழந்தையென்றால் கருவிழியே கெட்டுப் பார்வை போகலாம். அதனால்தான் தட்டம்மை வந்த குழந்தைக்கு வயதுக்கேற்ற அளவில் இரண்டு நாள் விட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், ஒரு வயதுக்கு மேல் என்றால் தினம் 2 லட்சம் யூனிட். டாக்டர் கொடுக்க வேண்டியது அது. 2025-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தட்டம்மை பரவியபோது சில வீடுகளில் நோய் வராமலிருக்க என்று பிள்ளைகளுக்கு விட்டமின் ஏ-யை அள்ளிக் கொடுத்து, கல்லீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இது கொழுப்பில் கரைகிற விட்டமின், மிச்சம் சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தேங்கும்.

மற்றபடி நிறையத் தண்ணீர், கஞ்சி, இளநீர். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அம்மை என்று பத்தியம் வைத்துப் பருப்பையும் முட்டையையும் ஒதுக்குவதுதான் எனக்குப் பிடிக்காத ஒரே வழக்கம், சத்து அதிகம் தேவைப்படுவதே அப்போதுதான். மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், பிள்ளை துவண்டு பால் குடிக்க மறுத்தால், கோவிலுக்கு அப்புறம் போகலாம், முதலில் ஆஸ்பத்திரி.

தடுப்பூசியை 9 மாதத்தில் ஏன் ஆரம்பிக்கிறோம்? அம்மாவின் ஆன்டிபாடிகள் குழந்தையின் ரத்தத்தில் சில மாதம் இருக்கும், பிறந்தவுடனே போட்டால் ஊசியின் பலவீனமான வைரஸை அவை அடித்துப் போட்டுவிடும், குழந்தை எதையும் கற்காது. ரொம்பத் தள்ளிப் போட்டால் அம்மாவின் பாதுகாப்பு தீர்ந்து, நோய் முந்திக்கொள்ளும். 9 மாதத்திலும் சிலருக்குப் பிடிக்காது என்பதால்தான் 16-24 மாதத்தில் இரண்டாவது ஊசி. இரண்டும் போட்ட 100 பேரில் 97 பேர் போலத் தப்பிவிடுவார்கள், ஊரில் 95 சதவீதம் பேர் போட்டிருந்தால் ஊசி போட முடியாத பச்சைக் குழந்தையும் தப்பும். இந்த இடத்தில் அசந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை பக்கத்திலேயே இருக்கிறது, 2019-ல் தட்டம்மையை ஒழித்த நாடு என்று அறிவிக்கப்பட்டு 2023-ல் திரும்பப் பார்த்தது. தமிழ்நாட்டில் 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்திகள் வந்தன என்று பலருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று. பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ தட்டம்மை என்று தெரிந்து, உங்கள் பிள்ளைக்கு ஊசி விட்டுப்போயிருந்தால், தொற்றுப் பட்டு 72 மணி நேரத்துக்குள் போட்டாலும் பலன் இருக்கலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த ஊசி போடக் கூடாது, அவர்கள் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.