தூறலை எண்ணும் கேமரா

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. விடிய விடியத் தெருக்கூத்து. மூங்கில் கம்பங்களில் கட்டிய நாலு எல்இடி பல்புதான் களத்துக்கு மொத்த வெளிச்சம். திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்க ஆடிவிட்டு துரியோதனன் வெளியே வந்தபோது, கிரீடத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னின. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கிரீடம் வெறும் சிவப்புக் குழம்பு. பின்னாலிருந்த இருட்டில், எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முகவீணை ஊதுபவரின் முகத்தைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

நான் கொண்டுபோனது ஒரு பழைய ஹேண்டிகேம். "விலை கம்மி கேமரா, வேறென்ன எதிர்பார்த்தே" என்றான் நண்பன். பாதிதான் சரி. விலை கம்மியான கேமராவிலும் இருட்டில் நன்றாக எடுக்கலாம். ஆனால் காசை எதில் போடுவது என்று தெரிய வேண்டும். அது தெரிய, அந்த எறும்புகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்க்க வேண்டும்.

மொட்டை மாடியில் சதுர ஓடு பதித்திருந்தால், தூறல் தொடங்கிய ஐந்தாவது விநாடி குனிந்து பாருங்கள். ஒரு ஓட்டில் மூன்று துளி, பக்கத்தில் ஏழு, அதற்கடுத்ததில் ஒன்று. மேகம் பாரபட்சம் பார்க்கவில்லை. துளிகள் குறைவாக இருந்தால் கணக்கு இப்படித்தான் கோணலாக விழும். அதே மழை பத்து நிமிடம் கொட்டட்டும், எல்லா ஓடும் ஒரே மாதிரி நனைந்திருக்கும்.

ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். கேமராவின் சென்சார், கோடிக்கணக்கான ஓடுகள் பதித்த மாடி மாதிரி. ஒரு ஓட்டில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழும் இடத்தில், 10,000இன் வர்க்கமூலமான 100 கூடக்குறைய வித்தியாசப்படும். அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் குறைந்து சராசரி 100 ஃபோட்டான்தான் என்றால் வித்தியாசம் 10. இப்போது அது 10 சதவீதம். ஒரே கறுப்புத் துணியில் ஒரு புள்ளி வெளுத்தும் பக்கத்துப் புள்ளி கறுத்தும் தெரியும். அடுத்த படத்தில், அதாவது வீடியோவின் அடுத்த ஃப்ரேமில், வேறு புள்ளிகள் வெளுக்கும். ஊரும் எறும்புகள் அவைதான், நாய்ஸ் என்பார்கள். சென்சாரின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கும், உண்மைதான். ஆனால் பெரும்பங்கு ஒளியின் சுபாவத்திலிருந்தே வருகிறது. பத்து லட்ச ரூபாய் கேமராவும் இந்த வர்க்கமூலக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

சரி, படத்தைப் பிரகாசமாக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றினால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சார் கூடுதலாக ஒரு ஃபோட்டானைக்கூடப் பிடிக்காது. மைக் செட்டில் வால்யூமைத் திருகுவது போலத்தான். பாடுபவர் மைக்கை விட்டுத் தள்ளி நின்றால், வால்யூமை ஏற்ற ஏற்ற அவர் குரலோடு கூட்டத்தின் இருமலும் சேர்ந்து கேட்கும். சில கேமராக்களில் மின்சுற்று நாய்ஸைக் குறைக்கும் இரண்டாவது பெருக்கிப் பாதை உண்டு. பானாசோனிக்கின் ஜிஎச்5எஸ் மாடலில் 400, 2500 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ. நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் விழாத மழையைப் பிடித்துத் தராது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு ஃப்ரேமுக்கு மொத்தம் எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது?

சென்சார் என்ற பாத்திரம் பெரிதாக இருந்தால் அதிகம் பிடிக்கும், அது தெரிந்ததே. விலை குறைந்த ஹேண்டிகேம்கள் பலவற்றில் சென்சாரின் மூலைவிட்டம் வெறும் 3 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 4 சதுர மி.மீ. ஒரு சோற்றுப் பருக்கையைவிடச் சின்னது. லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் உள்ள, ஏபிஎஸ்-சி எனப்படும் சென்சாரின் பரப்பு சுமார் 366 சதுர மி.மீ. வீடியோவுக்காக மேலும் கீழும் வெட்டிய பிறகும் எழுபது மடங்குக்குக் குறையாது. ஃபுல் ஃப்ரேம் என்றால் 864 சதுர மி.மீ. இடையில் '1 இன்ச்' என்று ஒரு வகை. பெயரை நம்பி ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், அது 13.2க்கு 8.8 மி.மீ.தான். பழைய டிவி கேமராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பாத்திரம் மட்டும் பெரிதாக இருந்து அதன் வாய், அதாவது லென்ஸின் திறப்பு, குறுகலாக இருந்தால்? சென்சார் அளவைப் பார்த்துக் கேமரா வாங்கிய பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஏபிஎஸ்-சி கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸின் எஃப் எண் பெரும்பாலும் 3.5இல் தொடங்கி, ஜூம் செய்தால் 5.6இல் போய் நிற்கும். எஃப் எண் என்பது லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை, அதாவது குவியத் தூரத்தை, வாயின் விட்டத்தால் வகுத்தது. எண் சிறிதானால் வாய் பெரிது என்று பொருள். 16 மி.மீ.யில் எஃப் 3.5 என்றால் வாய் நாலரை மி.மீ. சொச்சம். அதே அகலக் காட்சியை எஃப் 1.8 லென்ஸ் உள்ள 1 இன்ச் காம்பாக்ட் கேமராவில் எடுத்தால் அதன் வாயும் ஏறத்தாழ 5 மி.மீ. இரண்டுக்குள்ளும் நுழைகிற ஒளி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, கிட் லென்ஸோடு பெரிய கேமரா வாங்கி இருட்டில் நின்றால், மூன்றில் ஒரு பங்கு பரப்புள்ள சின்னக் கேமராவை நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை.

இப்போது அதே கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். வாயின் விட்டம் 28 மி.மீ.க்குப் பக்கத்தில். கிட் லென்ஸை 50 மி.மீ. பக்கம் ஜூம் செய்தால் வாய் 9 மி.மீ. அளவுதான். விட்டம் மூன்று மடங்கு, ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு. ஐஎஸ்ஓ 12,800 கேட்ட காட்சி 1,600க்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிடும். ஜூம் இல்லாத, பிளாஸ்டிக் உடம்புள்ள, தோற்றத்தில் மதிப்பே இல்லாத சின்ன லென்ஸ். கேனனுடைய 50 மி.மீ. எஃப் 1.8, அந்தக் கம்பெனியின் மலிவான லென்ஸ்களில் ஒன்று. பத்து மடங்கு ஒளிக்கு இதைவிட மலிவான வழி கேமராக் கடையில் கிடையாது. ஒரு தொல்லை உண்டு. வாய் அகல அகல ஃபோகஸ் மெல்லிசாகும். கூத்துக் கோமாளி கட்டியங்காரன் கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தால் மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் இருக்கும். அதனால் இருட்டிலும் முகத்தைப் பின்தொடரும் ஆட்டோ ஃபோகஸ் உள்ள பாடியாக (லென்ஸ் நீங்கலான கேமரா) பார்க்க வேண்டும். புது மாடலைவிட இரண்டாம் கை பாடியும் எஃப் 1.8 லென்ஸும் என்பதுதான் என் கட்சி.

பாடி வாங்கும்போது இன்னொன்றையும் விசாரியுங்கள்: 4கே எடுக்கும்போது சென்சார் முழுதும் வேலை செய்கிறதா? கேனனின் எம்50, 4கேவில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும், நல்ல ஆட்டோ ஃபோகஸும் அப்போது கிடைக்காது. சோனியின் இசட்வி-இ10, விநாடிக்கு 25 ஃப்ரேமில் முழு அகலத்தையும் எடுக்கும், 30 ஃப்ரேமுக்குப் போனால் கொஞ்சம் வெட்டும். இருட்டில் முழு சென்சாரோடு எச்டி எடுப்பது, வெட்டிய 4கேவைவிடப் பல சமயம் மேல்.

அடுத்தது, ஒரு ஃப்ரேமுக்கு ஒளி உள்ளே விழும் நேரம். 25 ஃப்ரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50 விநாடியில் வைப்பது வழக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/50 விநாடிக்குள் சரியாக இரண்டு துடிப்பு அடங்கிவிடும், படம் நிலையாக இருக்கும். 1/60இல் வைத்தால் ஒன்றேமுக்கால் துடிப்புகூட இருக்காது, அதனால்தான் வரிவரியாகப் பட்டைகள் ஓடுகின்றன. கேமரா அமெரிக்க, ஜப்பான் முறையான 30 ஃப்ரேமில் செட் ஆகி வந்திருந்தால், முதல் வேலையாக 25 ஃப்ரேம் எடுக்கும் பிஏஎல் முறைக்கு மாற்றுங்கள். உட்கார்ந்து வாசிக்கும் நாதஸ்வரக்காரர் என்றால் 1/25க்கும் இறங்கலாம், ஒளி இரட்டிப்பு. சுழன்று ஆடும் கூத்துக்கு அது ஆகாது, கை காலெல்லாம் புகையாகிவிடும்.

ஃபோனில் ராத்திரி ஃபோட்டோ பளிச்சென்று வருகிறதே என்பார்கள். அது இரண்டு மூன்று விநாடிக்குள் பல படம் எடுத்து அடுக்கிச் சராசரி பார்க்கிற வித்தை. வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே 40 மில்லி விநாடி. அடுக்குவதற்கு நேரம் எங்கே?

நாய்ஸ் கண்ணுக்கு மட்டும் தொந்தரவு இல்லை, இன்னொரு சேட்டையும் செய்யும். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுசாகச் சேமிப்பதில்லை. முந்தின ஃப்ரேமிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதி வைக்கும். அசையாத சுவர் என்றால் எழுத ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் எறும்பு ஊர்ந்தால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எல்லாமே மாறியதாகக் கணக்கு. சேமிக்க இருக்கிற பிட்டுகளை எறும்புகள் தின்றுவிடும், முகத்துக்கு மிச்சமில்லை. என் துரியோதனன் குழம்பானது இதனால்தான். அந்தக் குழம்பை எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் திரும்பப் பிரித்துத் தராது.

பெட்டியின் மேல் 'குறைந்தபட்ச வெளிச்சம் 1 லக்ஸ்' என்று போட்டிருப்பார்கள். 1 லக்ஸ் என்பது ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தள்ளி விழுத்தும் வெளிச்சம். அதில் ஏதோ ஒரு உருவம் தெரியும் என்பதுதான் வாக்குறுதி, எந்த ஷட்டரில், எவ்வளவு நாய்ஸோடு என்று இல்லை. அந்த எண்ணை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிட முடியாது. கடையில் ஆட்டோ செட்டிங்கை அணைத்துவிட்டு, 1/50, ஐஎஸ்ஓ 3200 வைத்து, மேஜைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியை ஒரு நிமிடம் எடுங்கள். மெமரி கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய திரையில் நிழல் பகுதியைப் பாருங்கள். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாப் படமும் அழகுதான்.

அடுத்த வருஷம் அதே ஊருக்கு இரண்டாம் கை ஏபிஎஸ்-சி கேமராவும் ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுமாகப் போனேன். கூத்து தொடங்குவதற்கு முன்னால் மைக் செட்காரரிடம், "அண்ணே, அந்த முன் கம்பத்தை இன்னும் ரெண்டு மீட்டர் உள்ளே நடலாமா?" என்று கேட்டேன். பல்பு நாலு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு வந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நாலு மடங்கு. "ஏன் தம்பி, புது கேமராவுலயும் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். ஐஎஸ்ஓ 3200 கேட்ட இடத்தில் 800 போதும் என்று ஆயிற்று. அவருக்கும் அவர் பையனுக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.