படத்தின் மேல் ஓடும் தண்டவாளம்: ஊட்டி மலைப்பாதையை சிமுலேட்டரில் கட்டுவது எப்படி?

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டான ரயில் சிமுலேட்டரில் ஒரு நிஜப் பாதையைக் கட்ட உட்காருபவருக்கு, பாதை அமைக்கும் எடிட்டர் முதலில் காட்டுவது வெறும் கட்டம் போட்ட தரை. மேட்டுப்பாளையம் எந்த மூலையில் இருக்கிறது, பவானியைப் பாதை எங்கே தாண்டுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால் அந்தத் தரையின் மேல் ஒரு வரைபடத்தையோ செயற்கைக்கோள் படத்தையோ விரித்து, அதில் தெரியும் கோட்டின் மீதே தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டு போவார்கள். தையல்காரர் பேப்பர் கட்டிங்கைத் துணிமேல் வைத்து சாக்பீஸால் கோடு போடுவாரே, அதே வேலைதான். சட்டை தைத்து முடிந்தால் பேப்பருக்கு அங்கே இடமில்லை; இங்கே படத்துக்கும் அதே கதி.

துணி தட்டையாக இருப்பதால் தையல்காரருக்குச் சிக்கலில்லை. நீலகிரியில் அப்படி நடக்காது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில், உதகை 2,203 மீட்டரில். இடையே 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைப்பாதைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும் பல்சட்டம் ஓடுகிறது. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்ட இந்தப் பாதையைக் கணினிக்குள் கொண்டுவர முயன்றால், வரைபடம் எதில் கைகொடுக்கும், எதில் கைவிடும் என்பது சீக்கிரமே புரிந்துவிடும்.

முதலில் தரை என்பது என்னவென்று பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரிலும் அதன் வழிவந்த ஓபன் ரெயில்ஸிலும் நிலம் 2,048 மீட்டர் சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் 8 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு எண், அதன் உயரம். நான்கு புள்ளிகளுக்கு நடுவே இரண்டு முக்கோணங்களைப் போட்டு மலையாகவும் பள்ளமாகவும் காட்டுவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. வரைபடப் படத்தை விரிக்கும்போது, “இந்தப் புள்ளிக்குப் படத்தின் இந்த இடம்” என்று ஒரு பொருத்தம் எழுதப்படுகிறது. படம் நேர் மேலிருந்து கீழே விழுகிறது. எனவே சமவெளியில் அச்சு அசலாக உட்காரும் படம், சரிவில் இழுபடும். 45 பாகை சரிவில் ஒரு மீட்டருக்கான நிறம் 1.4 மீட்டருக்கு இழுக்கப்பட்டுவிடும். மலைச்சரிவில் மரங்கள் வழிந்து ஓடுவது போலத் தெரிந்தால் காரணம் இதுதான். ஆனால் கிடைமட்ட இடம் மாறாது என்பதால் தண்டவாளம் போட இது தடையில்லை.

அடுத்தது அளவு. இணைய வரைபடங்கள் 256 பிக்சல் சதுர டைல்களாக வருகின்றன. அவை உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. பூமத்தியரேகையை விட்டு விலக விலக எல்லாம் பெரிதாகத் தெரியும். 18ஆம் ஜூம் நிலையில் ஒரு பிக்சல் பூமத்தியரேகையில் 0.597 மீட்டர். குன்னூர் இருக்கும் 11 பாகைச் சொச்சத்தில் அதை அந்த அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும், 0.586 மீட்டர் வரும். ஒரு டைலின் அகலம் சுமார் 150 மீட்டர். இந்தப் பெருக்கலை விட்டுவிட்டால் பிழை 2 சதவீதம்தான். ஆனால் 46 கிலோமீட்டரில் அது 900 மீட்டராகக் கூடிவிடும். ஊட்டி ஸ்டேஷன் தன் இடத்தை விட்டு எங்கோ போய் நிற்கும். லண்டனில் இதே தவறைச் செய்தால் 100 மீட்டர் நடைமேடை 160 மீட்டராகிவிடும், உடனே கண்ணில் படும். நம் ஊர்ப் பக்கம் பிழை சிறியது என்பதாலேயே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

ஸ்கேன் செய்த பழைய காகித வரைபடமாக இருந்தால் அளவை நாமே சொல்ல வேண்டும். படத்தோடு ஒரு சின்ன உரைக்கோப்பு போகும்; அதில் ஆறே ஆறு எண்கள். கிழக்குத் திசையில் ஒரு பிக்சல் எத்தனை மீட்டர், சுழற்சி எவ்வளவு என்று இரண்டு எண்கள், வடக்குத் திசையில் ஒரு பிக்சல் எத்தனை மீட்டர், கடைசியாக இடது மேல் மூலைப் பிக்சலின் நடுப்புள்ளியின் ஆயத்தொலைவுகள். நான்காவது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும். படத்தில் வரிசைகள் மேலிருந்து கீழே எண்ணப்படுகின்றன. வடக்கோ கீழிருந்து மேலே கூடுகிறது. அந்தக் குறியை விட்டால் மலை தலைகீழாகிவிடும். இதோடு, இந்தியாவின் பழைய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் வேறொன்றை வைத்திருக்கிறது. மாற்றாமல் ஒட்டினால் எல்லாமே சில நூறு மீட்டர் நகர்ந்து நிற்கும்.

சரி, படம் உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் வளைவு எடுப்போம். இந்தப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரம் 100 மீட்டர் அளவில் இருக்கும். படத்தில் வளைவின் இரு முனைகளை 60 மீட்டர் நாணாக இணைத்து, நடுவே வளைவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பது எளிய வழி. நாணின் வர்க்கத்தை அந்த விலகலின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். 100 மீட்டர் ஆரத்துக்கு விலகல் 4.5 மீட்டர், அதாவது நம் படத்தில் எட்டுப் பிக்சலுக்கும் குறைவு. கண் ஒரு பிக்சல் தவறினால் ஆரம் 88 ஆகவோ 115 ஆகவோ மாறிவிடும்! எனவே ஒரு நாணை நம்பக்கூடாது. வளைவு முழுவதும் படத்தோடு ஒட்டும் வரை தண்டவாளத் துண்டை மாற்றிப் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பார்க்க அழகு, ஆனால் கல்லாறுக்கு மேலே காட்டுக்குள் அது காட்டுவது பெரும்பாலும் மர உச்சிகளைத்தான். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் அதில் இரண்டு பிக்சல்கூட இல்லை. இத்தகைய இடங்களில், தன்னார்வலர்கள் வரையும் இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் கோடு பயனுள்ளது. நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடமும் உதவும், ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்பது நிலத்தில் 50 மீட்டர் என்பதை மறக்கக்கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றி விரித்து, எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் நல்லது. குகை வந்தால் கோடு மறையும் இடத்தையும் மீண்டும் தோன்றும் இடத்தையும் குறித்து இணைக்க வேண்டும். சிமுலேட்டரின் தரையில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம் என்பதால், மலைக்குள் குடைய முடியாது. குகை வாயில் தரையில் ஓட்டை போட்டு, உள்ளே தனியாக ஒரு குழாய் வடிவத்தை வைக்கிறார்கள்.

இனிதான் உண்மையான தலைவலி: உயரம். இதைத் தட்டையான படம் சொல்லவே சொல்லாது. பெரும்பாலோர் எடுப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த தரவு. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. துருவப் பக்கங்கள் தவிர உலகின் பெரும்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கும் அருமையான தரவுதான், ஆனால் ரேடார் காட்டின் தலையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும், செங்குத்துப் பிழை 16 மீட்டர் வரை ஏற்கத்தக்கது என்பதே அதன் திட்ட இலக்கு. இப்போது பல்சட்டப் பகுதியின் ஏற்றத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர். 30 மீட்டரில் ரயில் ஏறுவது இரண்டரை மீட்டர். பக்கத்துப் புள்ளியில் ஒரு மரக்கூட்டம் இன்னொரு இரண்டரை மீட்டரைச் சேர்த்தால் போதும், ஏற்றம் 6க்கு 1 ஆகிவிடும். 12க்கு 1இல் 100 டன் ரயிலைப் பின்னால் இழுக்கும் விசை 8 டன்னுக்குச் சற்று மேல். 6க்கு 1இல் அது இரட்டிப்பு. சிமுலேட்டரின் இயற்பியல் இதை அப்படியே கணக்கிடும். கீழிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி எஞ்சின், 13 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில், இல்லாத ஒரு மேட்டில் முக்கி நின்றுவிடும்.

தீர்வு மஞ்சள் பலகையில் இருக்கிறது. நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்குமே, அது தண்டவாளத்தை அளந்தவர்கள் தந்த எண். எந்த ரேடாரையும் விட இங்கே அதற்குத்தான் மதிப்பு. ஹில்குரோவ் சுமார் 1,090 மீட்டர், குன்னூர் சுமார் 1,710. இடையே பாதை சுமார் 10 கிலோமீட்டர். சராசரி ஏற்றம் 16க்கு 1. நிலையங்களுக்குள் கிட்டத்தட்டச் சமதளம், அதற்கு வெளியே செங்குத்து என்று இந்த 620 மீட்டரைப் பங்கு போட்டுத் தண்டவாளத்தின் உயரத்தை முதலில் தீர்மானித்துவிட வேண்டும். அதன் பிறகு தரையைத் தண்டவாளத்துக்கு ஏற்ப இழுக்கச் சொல்லலாம். எடிட்டர் ஒரு பக்கம் மலையை வெட்டும், மறுபக்கம் மண்கரை போடும். நிஜத்தில் ரயில்வே கட்டியவர்கள் செய்ததும் அதுவே. லவ்டேலுக்குப் பிறகு பாதை ஊட்டி நோக்கி இறங்குகிறது என்பதும் இந்தக் கணக்கில் தானாக வந்துவிடும். தட்டையான படத்தை மட்டும் நம்பியவர் கடைசி வரை ஏற்றிக்கொண்டே போவார்.

எல்லாம் முடிந்ததும் மொத்த நீளத்தைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 47 வந்தால் கோசைனைத் தேடுங்கள்.

படத்தை அழிக்கும் நேரம் எப்போது? மரமும் தேயிலைத் தோட்டமும் தண்ணீர்த் தொட்டியும் இடம் பிடித்த பிறகுதான். 4,096 பிக்சல் சதுரப் படம் ஒன்று சுருக்காமல் 64 மெகாபைட் பிடிக்கும். 2,048 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் விளையாடுபவரின் கணினி மூச்சுத் திணறும். தவிர, செயற்கைக்கோள் படங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பாதையோடு சேர்த்து அவற்றை விநியோகிக்க முடியாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவையோ, பெயரைக் குறிப்பிட்டு அதன் உரிம விதிப்படி பகிரலாம். எதற்கும் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். அரவங்காட்டில் ஒரு சைடிங் (பக்கவாட்டுத் தண்டவாளம்) விட்டுப்போனது பாதையை வெளியிட்ட மறுநாள்தான் தெரியவரும்.