விடியற்காலைக் கனவு பலிக்குமா?

"பல் விழுந்த மாதிரி கனவு வந்துச்சு டாக்டர், வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆயிடுமா?" மனநல மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆகாது. பல்லுக்கு இது, பாம்புக்கு இது என்று யாரும் பலன் நிரூபித்ததில்லை. வயலில் தினமும் பாம்பைப் பார்ப்பவர் கனவில் வரும் பாம்பும், டிவியில் மட்டும் பார்த்தவர் கனவில் வரும் பாம்பும் ஒன்றா என்ன?

ஆனால் விடியற்காலைக் கனவுக்கு நம் ஆட்கள் தனி மரியாதை கொடுப்பதில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. தூக்கத்தில், மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1953-இல் இதைப் பற்றி எழுதினார்கள். கதை மாதிரி ஓடும் கனவுகள் பெரும்பாலும் இதில்தான். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் இந்தக் கட்டம் பொழுது விடிய விடிய நீண்டுகொண்டே போகும், அந்த நேரத்தில் விழிப்பும் வந்துவிடுவதால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். பலித்த ஒன்றை ஊரெல்லாம் சொல்வோம், பலிக்காததைப் பல் தேய்ப்பதற்குள் மறந்துவிடுவோம்.

என்ன கனவு என்பதைவிட எத்தனை மணிக்கு, தூக்கத்தில் உடம்பு என்ன செய்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் நான் அதிகம் கேட்பேன். தூங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் அம்மாவை அடையாளம் தெரியாமல் கத்திவிட்டு, காலையில் எதுவுமே நினைவில்லை என்றால் அது பெரும்பாலும் கெட்ட கனவே இல்லை, ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அரைகுறை விழிப்பு. உலுக்கி எழுப்பாதீர்கள், எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். திருநீறு பூசுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் இதை விடக்கூடாது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை மனைவி கூட்டிவந்தார், கை கன்றிப் போயிருந்தது அந்த அம்மாவுக்கு. "இவரு கனவுல நாயை விரட்டுறாரு, உதை எனக்கு விழுது." கனவு காணும்போது கைகால் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும்; அந்தக் கட்டு விட்டுப்போனால் கனவில் செய்வதை உடம்பும் செய்யும். சிலருக்கு இது, கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய் வெளிப்படுவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கும், அதனால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். அதுவரை தனித்தனிப் படுக்கை.

அப்புறம் மாத்திரை. ரத்த அழுத்தம், படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், வீசிங்குக்குக் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் எல்லாம் கெட்ட கனவைக் கிளப்பலாம். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குடியை நிறுத்திய புதிதிலும் கனவு பயங்கரமாக வரும், "குடிச்சாதான் தூக்கம் வருது" என்று பலர் திரும்பப் போவது இந்த இடத்தில்தான்.

விபத்துக்குப் பிறகு அதே கனவு திரும்பத் திரும்ப வந்தால் வைத்தியம் இருக்கிறது. பகலில், பயமில்லாத நேரத்தில், கனவின் முடிவை மாற்றி எழுதி, தினமும் பத்து இருபது நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பைக் விபத்தில் சிக்கிய ஒருவர், மோத வரும் லாரியை வளைவிலேயே நிறுத்தி, டிரைவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டார். சில வாரங்களில் அந்தக் கனவு வருவது குறைந்தது, படுக்கப் போகவே பயந்துகொண்டு இரவு இரண்டு மணிவரை மொபைலைத் தேய்ப்பதும் குறைந்தது.