மலைச்செடி வளர்க்க பெர்மிட் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை கேமரன் மலை ஏறிவிட்டு தானா ராத்தா டவுனுக்குத் திரும்புகிறவர்களின் பையிலிருந்து சில நேரம் ஈரப்பாசி சுற்றிய வேர் எட்டிப் பார்க்கும். கேட்டால், "காட்டுல சும்மா கெடந்துச்சுண்ணே, ஒரு செடிதானே" என்பார்கள். அநேகமாக அது ரோடோடென்ட்ரான் என்ற மலைப் பூச்செடியாக இருக்கும். அதிலும் ஜாஸ்மினிஃப்ளோரம் என்ற வகை, பெயருக்கேற்ப மல்லிகை மாதிரி நீளக் குழலோடு வெள்ளையாகப் பூக்கும், மணமும் உண்டு. ஆசை வரத்தான் செய்யும்.

சட்டத்தின் கண்ணில் அது சும்மா கிடந்த பொருள் இல்லை. தீபகற்ப மலேசியாவுக்கு 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் (சட்டம் 313) இருக்கிறது. ஹுத்தான் சிம்பான், அதாவது நிரந்தர வனக் காப்பகத்துக்குள் உள்ள மரம் மட்டுமல்ல, செடி, கொடி, புல், அவற்றின் எந்தப் பாகமும், மேல்மண்ணும்கூட வனப்பொருள்தான். ஒரு கொத்து விதையும் இதில் சேரும். லைசென்ஸ் இல்லாமல் எடுத்தால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை, சிறை 20 ஆண்டு வரை என்று 1993இல் உயர்த்தினார்கள். 2022இல் இன்னும் கடுமையாகத் திருத்தினார்கள். பெரிய மரக்கடத்தலை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனால் பைக்குள் இருக்கும் செடிக்கும் அதே சட்டம்தான். மலையேற வாங்கும் பெர்மிட் உள்ளே நடப்பதற்கு, பறிப்பதற்கு அல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

அப்படியானால் வீட்டில் வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம். தாய்ச்செடி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. நர்சரியில் ஒன்று வாங்குங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். அந்த ஒன்றே போதும். பாதி முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, பீட்டும் (மக்கிய தாவர மண்) பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல்துகள்) கலந்த போலிபேக்கில் குத்தி, மேலே பிளாஸ்டிக் பை கட்டி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். தேயிலை மாதிரியே இதற்கும் அமில மண்தான். சுண்ணாம்பு ஆகாது, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். விதை தூசி மாதிரி இருக்கும், மூச்சு விட்டாலே பறக்கும். மண்ணைப் போட்டு மூடாமல் பாசி மேல் தூவ வேண்டும். பூ பார்க்கச் சில வருஷம் பொறுக்கணும். ஒவ்வொரு பையிலும் தாய்ச்செடி எது, வெட்டிய தேதி என்ன என்று எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் ரசீதோடு அதையும் காட்டலாம்.

விற்பதென்றால் எஸ்எஸ்எம்மில் (வியாபாரங்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும்: சொந்தப் பெயரில் வருஷத்துக்கு 30 ரிங்கிட், கடைப்பெயரில் 60. லயத்து வீட்டுப் பின்புறம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் பந்தல் போடுமுன் மெனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். டிஓஎல் (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தத் தரும் லைசென்ஸ்) நிலமாக இருந்தால் அந்த லைசென்ஸ் டிசம்பர் 31க்கு மேல் ஓடாது, வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

வெளிநாட்டுக்கு அனுப்பினால் விவசாய இலாகாவின் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படும். ரோடோவோடு பெரியோக் கெராவையும் (பூச்சி பிடிக்கும் குடுவைச்செடி) ஆர்க்கிட்டையும் சேர்த்து விற்கிறவர்கள் கவனிக்கணும். அவை சைட்டிஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. 2008ஆம் ஆண்டுச் சட்டம் 686இன்படி, நீங்களே வளர்த்ததானாலும் ஏற்றுமதிக்குத் தனி பெர்மிட் வேண்டும். சபா, சரவாக்கில் வனச்சட்டமே வேறு; அங்கிருந்து செடியை விமானத்தில் கொண்டுவரவும் முன்கூட்டியே இறக்குமதி பெர்மிட் எடுக்க வேண்டும்.